துபாயில் இருக்கும் பார்மசிஸ்ட்

பி.ஃபார்மில் மகளுக்கு இன்று இடம் கிடைக்கவில்லை. நுழைவுத் தேர்வில் தேறியவள்தான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியலைக் கூட்டினால் தகுதிக்கு ஒரு மார்க் குறைகிறதாம்.

தலைவலியோடு, மகளையும் கூட்டிக்கொண்டு, நாங்கள் குடியிருக்கும் கிர்க்கிக்குத் திரும்பி, எங்கள் தெரு மெடிக்கலில் மாத்திரை கேட்டேன். கடைக்காரர் சீட்டே கேட்காமல் ஆன்டிபயாடிக்கும் சேர்த்துக் கொடுத்தார்.

அவர் தலைக்கு மேல் ஒரு பெண்ணின் பார்மசிஸ்ட் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில், ஓர் ஆணியில் தொங்கியது.

"இந்த மேடம் எங்க பய்யா?" என்று மகள் கடைக்காரரைக் கேட்டாள்.

"கல்யாணமாகி துபாய் போயாச்சு."

"அப்போ மருந்து யார் குடுக்கறது?"

"நான்தான். பத்தாவது ஃபெயில்!" என்று பெருமையாகச் சிரித்தார்.

மருந்தைப் படிக்கத்தான் அந்த ஒரு மார்க் வேண்டும். விற்க ஓர் ஆணி போதும்.

உங்கள் தெரு மெடிக்கலில் யார் தொங்குகிறார்கள்?