எழுத்து ரொட்டி

அடுப்பில் ரொட்டி லேசாகக் கருகியதுதான் தாமதம், பசறைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கே நினைவில் போய்விட்டேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. சிலேட்டில் எழுத்துகள் நிற்காமல் புரளும். "இவளுக்குப் படிப்பு ஏறாது, கொழுந்து பறிக்க அனுப்புங்க" என்றார் வாத்தியார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, அன்று மாலையே அக்கா எழுதிக்காட்டியதைப் பார்த்து, கோதுமை மாவை எழுத்தெழுத்தாக வளைத்துச் சுட்டாள்.

"கண்ண மூடித் தடவிப் பாரு. சரியாச் சொன்னா ஒனக்கு, தப்பாச் சொன்னா அப்பாவுக்கு."

முதலில் அப்பாவுக்கு நல்ல சாப்பாடு. போகப்போக, "ஒன்னாவது தப்பாச் சொல்லு தாயி, பசிக்குது" என்று கெஞ்சத் தொடங்கினார்.

இப்போது பேத்தி கண்ணை மூடித் தடவுகிறாள். தப்பெல்லாம் என் தட்டில். வயிறு நிறைந்துவிட்டது, பரவாயில்லை, சீக்கிரமே என்னைப் பட்டினி போட்டுவிடுவாள்.