ஒன்பதாம் கேள்வி

பாபநாசம் என்கிறவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் வேறு யார் எழுதப்போகிறார்கள்? அவர் செய்த வேலையைத் தினமும் பயன்படுத்துகிறவர்களுக்கே அவர் பெயர் தெரியாது.

திருநெல்வேலி டவுணில், தெற்கு ரத வீதியை ஒட்டிய சந்தில் ஒரு அச்சகம். அங்கே இருபத்திரண்டு வருஷம் கல்யாணப் பத்திரிகைக்கு டைப் அடித்துக்கொடுத்தவர் அவர். பழைய எழுத்துருவில் தட்டிய தமிழ், புதுக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியும். அதைச் சரியாக மாற்றுவதற்காகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். எழுதியதை யாரும் எடுத்துத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் சும்மா கொடுத்தார். அப்படிப்பட்ட தொகுப்பை லைப்ரரி என்பார்கள்.

நான் தேவதாசன், பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். ஆறு வருஷம் முன்னால் அவருடைய லைப்ரரியில் ஒரு பிழையைத் திருத்தி அனுப்பப்போய், அவரோடு ஒட்டிக்கொண்டேன். சம்பளமில்லாத வேலை. இடையில் வந்தவர்கள் எல்லாம் போக, மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். ஆற்றுக்கு அந்தக் கரையில் அவர், இந்தக் கரையில் நான். நேரில் பார்த்தது இரண்டே தடவை.

லைப்ரரிக்கு இணையத்தில் கேள்விப் பக்கம் ஒன்று உண்டு. இது நிஜமாகவே இலவசமா, எழுத்து ஏன் உடைகிறது, அடுத்த வருஷமும் இருக்குமா என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நாற்பதாவது ஆள் கேட்டாலும் பாபநாசம் புதிதாக உட்கார்ந்து பதில் எழுதுவார். கேட்டவரே வந்து, புரிந்தது என்று சொல்லி மூடும்வரை கேள்வி திறந்தே கிடக்கும். அது அவர் வைத்த விதி. எனக்கோ பற்றிக்கொண்டு வரும். படிக்காமல் வந்து நிற்கிற சோம்பேறிகள் என்று திட்டுவேன். ஒரு லீவில், அடிக்கடி வருகிற பதினான்கு கேள்விகளுக்கு எண் போட்டுப் பதில் எழுதினேன். இனி எண்ணைச் சொல்லி நாமே மூடிவிடலாம் என்று அவரிடம் போனில் சொன்னேன்.

"பதிலுக்கு மட்டுமா வே வாராவ? அங்கன ஒரு ஆளு இருக்கானான்னு பாக்கவுந்தான் வாராவ," என்றார். அதற்குமேல் மல்லுக்கு நிற்கவில்லை. என் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்.

போன ஆவணியில் அவர் பதில்கள் குறைந்தன. முகூர்த்த மாதம், அச்சகத்தில் வேலை இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஒரு மத்தியானம் தனலட்சுமி என்ற பெயரில் கேள்வி வந்தது. 'இதைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இனி முடியாது என்றால், யார் பார்த்துக்கொள்வார்கள்?' அட, என் பட்டியலில் ஒன்பதாம் கேள்வி. வலது கை சோற்றில் இருந்தது. இடது கையால் 'ஒன்பதைப் பார்க்கவும்' என்று தட்டி மூடினேன். ஒன்பதுக்கு நான் எழுதிவைத்த பதில் இதுதான்: 'இது யாருக்கும் சொந்தமில்லை. விருப்பமுள்ளவர் பார்த்துக்கொள்வார்.' ரொம்ப நன்றாக எழுதிவிட்டதாக அப்போது எனக்குப் பெருமை வேறு.

பன்னிரண்டு நாள் கழித்து அச்சகத்திலிருந்து போன் வந்தது. பாபநாசம் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. கணையத்தில் புற்று. இரண்டு மாதமாக ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்திருக்கிறார். டவுண் பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆறு வருஷத்தில் அந்த அரை மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை பாருங்கள்.

அவர் மனைவி முத்துராணி, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி மகளைக் கூப்பிட்டார். தனலட்சுமி என்று கூப்பிட்டார். அந்தக் கேள்வியில் இருந்த அதே பெயர். அவர் மகள் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் போன் ஆஸ்பத்திரியில் விழுந்து உடைந்துவிட்டதாம். மகளுடைய போனிலிருந்து அவர்தான் அந்தக் கேள்வியைப் போட்டிருக்கிறார். ஏன் என்னிடம் நேரே கேட்கவில்லை என்று கேட்டேன். செத்துப்போன மனுஷன்மேல் அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"நேர கேட்டா முகத்துக்காகச் சரிம்பாரு, அங்கன கேட்டாத்தான் உள்ளதைச் சொல்லுவாருன்னாவ," என்றார் முத்துராணி. "நீங்க போட்டதைப் படிச்சிட்டு, அவருக்கும் சோலி இருக்கும்லா, முடியாது போலன்னாவ. பெறவு அதைப் பத்திப் பேசவே இல்ல சார்."

தனலட்சுமி போனை நீட்டினாள். கேள்விக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அன்றைக்கு நான் அதுவரை படிக்கவில்லை.

'நீரு பாத்துக்கிடுவீரா வே?'

அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன். வந்துபோனவர்கள் என்னை உறவுக்காரன் என்று நினைத்திருப்பார்கள்.

அன்றே அந்தக் கேள்வியைத் திரும்பத் திறந்தேன். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கீழே எழுதினேன். கேட்டவர்தான் மூட வேண்டும் என்ற அவருடைய விதியையும் திரும்ப வைத்துவிட்டேன். கேள்வி உன் பெயரில் இருப்பதால் நீ மூடலாம் அம்மா என்று தனலட்சுமியிடம் சொன்னேன். கேட்டது அப்பா என்று சொல்லிவிட்டாள். அது இன்னும் திறந்தே கிடக்கிறது.