பாதி மூடினால் தெரிந்த திரை

அக்காவுக்கும் எனக்கும் சேர்த்து வீட்டில் ஒரே லேப்டாப்தான். அவள் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அரசு கொடுத்தது. கல்லூரிக் கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை அவள் அதில் அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், திரை சட்டென்று இருண்டுபோனது. ஒப்படைக்க ஒரு வாரம்தான் இருந்தது.

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அப்போது முதலாண்டு. லேப்டாப் ரிப்பேர் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் வந்தது.

"அழுகாதக்கா, உசுரு இருக்கு."

செல்போன் டார்ச்சைத் திரையின் மேல் சாய்த்துப் பிடித்தேன். கறுப்புக்குள்ளே அவள் அடித்த வரிகள் மங்கலாகத் தெரிந்தன. படம் வருகிறது, வெளிச்சம்தான் வரவில்லை என்று புரிந்தது.

அடுத்து டி.வி.யில் இணைத்துப் பார்த்தோம். அம்மா சீரியல் பார்க்கும் நேரம் அது. கதாநாயகி மறைந்து, கண்டாங்கிச் சேலை விற்பனை பற்றிய அக்காவின் ரிப்போர்ட் டி.வி. முழுக்க விரிந்தது. ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. அப்படியானால் கோளாறு லேப்டாப் திரையின் பக்கம்தான்.

அம்மா ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, "இந்த வெலைக்கு எந்தக் கடையிலடி சேலை குடுக்குறாக?" என்று கேட்டாள். அக்கா அழுகையோடு சிரித்துவிட்டாள்.

"சரி, பாத்தாச்சுல்ல? மூடி அங்குட்டு வைங்கடி" என்று அம்மாவே மூடியைப் பிடித்து அழுத்தினாள். பாதி வந்ததும் திரை பளிச்சென்று எரிந்தது.

"அம்மா, கைய எடுக்காதீக!" இருவரும் ஒன்றாகக் கத்தினோம்.

தச்சு வேலை முடிந்து அப்பா வந்தபோது அம்மா அப்படியே பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்பா மூடியை மெல்ல ஏற்றி இறக்கினார். ஏற்றினால் இருட்டு, இறக்கினால் வெளிச்சம்.

"கீலுக்குள்ள போற ஒயருதான் நைஞ்சிருக்கு. ஆட ஆட விட்டுப் போகுது" என்றார்.

கடையில் கொடுத்தால் எத்தனை நாளாகுமோ என்று அக்காவுக்குப் பயம். டி.வி.யிலேயே வைத்து அடிக்கலாமென்றால் அம்மாவுக்குச் சீரியல் போய்விடும். அப்பா ஒரு தேக்குத் துண்டைச் சீவி, மூடி பாதியிலேயே நிற்கும்படி முட்டுக் கொடுத்தார். பாதி மூடிய திரையை நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்க முடியாது. ஸ்டூலின் மேல் லேப்டாப்பை வைத்து, தரையில் உட்கார்ந்து கழுத்தைத் தாழ்த்தி நான் அடித்தேன். அக்கா நோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே அறைக்குள் நடந்தாள். சண்டை போட்டோம், அவளுடைய ஆசிரியர்களைப் போல் பேசிக் காட்டினோம். அதற்கு முன் நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை.

ரிப்போர்ட்டை ஒப்படைத்த பிறகுதான் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் திரையின் சட்டத்தைக் கழற்றி, கீலோரத்தில் நசுங்கிக் கிடந்த கேபிளைக் காட்டினார். புதியது போட்டதும் மூடியை எவ்வளவு திறந்தாலும் வெளிச்சம் போகவில்லை. அன்று அக்கா மேசையில் தனியாக உட்கார்ந்து வேறு எதையோ அடித்தாள். எனக்கு அங்கே வேலையில்லை. பக்கத்து அறையில் சும்மா படுத்திருந்தேன்.

இப்போது சிங்கம்புணரியில் ஒரு பள்ளியின் கணினிகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அக்கா கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன பொங்கலுக்கு வந்தவளிடம் அந்த ரிப்போர்ட்டுக்கு எவ்வளவு மார்க் வந்தது என்று கேட்டேன். அவளுக்கு ஞாபகமில்லை. நான் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருக்க, அம்மா வெள்ளைப் பணியாரத்தைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்து என் வாயில் ஊட்டியதைத்தான் சொன்னாள்.

"எனக்கு மட்டும் ஊட்டவே இல்லடி" என்றாள்.