நர்ஸுக்கு ஊசி போடுகிற வேலை

நோயாளிக்கு ஊசி போடுவது சுலபம். நர்ஸுக்கு ஊசி போட்டுப் பாருங்கள், அப்போது தெரியும். வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வார்டுகளில் தொற்று பரவாமல் பார்த்துக்கொள்கிற நர்ஸ் நான். வேலை செய்கிற எல்லோருக்கும் வருஷா வருஷம் ஃப்ளூ தடுப்பூசி போடுவதும் என் தலையில்தான். முன்பெல்லாம் விருப்பப்பட்டவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. அதாவது யாரும் போட்டுக்கொள்ளவில்லை. போன வருஷம் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. என்னைப் போல ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வார்டு வார்டாக அலைந்த சிஸ்டர்களே, இது உங்களுக்குத்தான் புரியும்.

அப்புறமா வா

முதலில் டயாலிசிஸ் பிரிவுக்குப் போனேன். அங்கே சீனியர் நர்ஸ் மல்லிகா அக்கா. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். முன்பு ஒரு முறை இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு, காய்ச்சலும் உடம்பு வலியுமாக வீட்டில் படுத்திருக்கிறார். அதற்குச் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"சில பேருக்கு லேசா காய்ச்சல் வரும்க்கா, சீக்கிரம் போயிடும். ஃப்ளூ வந்தா அப்படிப் போகாது" என்றேன். நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் அவர் சொன்னார்: "ஊசி கட்டாயம்னா லீவும் கட்டாயம்னு உங்க ஆபீஸ்ல சொல்லச் சொல்லு, அப்புறமா வா."

உத்தரவு போட்டவர்

அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் எங்கள் பெரிய டாக்டர். அவர் அறை வாசலில் நான் நிற்காத நாள் இல்லை. ரவுண்ட்ஸ் இருக்கிறது என்பார், மீட்டிங் இருக்கிறது என்பார். ஒருநாள் லிஃப்டுக்குள் வசமாக மாட்டினார். நான் பெட்டியைத் திறப்பதற்குள் லிஃப்ட் கதவு திறந்துவிட்டது. வெளியே போய்க்கொண்டே, தோளைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "எனக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்தி சிஸ்டர், நீங்க மொதல்ல ஸ்டாஃபுக்கு முடிங்க."

சத்யாவின் பயம்

துப்புரவு வேலை செய்கிற சத்யாவுக்கு அடி அண்ணாமலை. ஒரு கரு கலைந்த துக்கம் இன்னும் முகத்தில் இருந்தது. இந்த ஊசி போட்டால் பிள்ளை நிற்காது என்று மாமியாரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அழுதாள். கர்ப்பிணிகளுக்கே இதைப் போடச் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். எங்கள் லேடி டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனேன். கடைசியில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டினாள். போட்டு முடித்ததும் ரவிக்கைக் கையை இழுத்து விட்டபடி சொன்னாள்: "எங்க அத்தை செக்கப்புக்கு இங்கதான் வரும், ஊசி போட்டது தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதீங்கக்கா."

பௌர்ணமி

ஊசி போடாதவர் நோயாளியிடம் போகக் கூடாது என்பது சட்டம். ஆனால் மல்லிகா அக்காவுக்கு மாற்று ஆள் கிடையாது. சட்டம் டயாலிசிஸ் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

பௌர்ணமி வந்தது. கிரிவலக் கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களும் காய்ச்சல்காரர்களுமாக ஆஸ்பத்திரி நிரம்பிவிட்டது. பெரிய டாக்டரே மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, இருமிக்கொண்டே ரவுண்ட்ஸ் போனார். அன்று காலை மல்லிகா அக்கா நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அறைக்கு வந்தார். கண் சிவந்திருந்தது, உடம்பு கொதித்தது. ஒரே ஒரு நாள் லீவு கேட்டார். "இவங்களை வீட்டுக்கு அனுப்பிடுங்க மேடம்" என்று நானும் சொன்னேன். மேடம் எங்களை நிமிர்ந்தே பார்க்கவில்லை: "பௌர்ணமிக்கு ஆள் கம்மின்னு தெரியும் இல்ல? ரெண்டு மாஸ்க்கா போட்டுக்கிட்டு போய் வேலையப் பாரு."

குருக்கள்

டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்தவர்களில் கோயில் குருக்கள் ஒருவர். அவருக்கும் ஊசி போட்டிருந்தோம். ஆனால் சிறுநீரகம் போன உடம்பில் அது சரியாகப் பிடிப்பதில்லை. சுற்றி இருக்கிறவர்கள் போட்டுக்கொள்வதுதான் அவருக்குப் பாதுகாப்பு. பௌர்ணமி கழிந்த அதே வாரத்தில் அவருக்கு ஃப்ளூ வந்தது. நெஞ்சில் சளி கட்டி, ஐசியூவில் வைத்தும் பிழைக்கவில்லை.

அவர் மனைவி அழவில்லை. கணவரின் அங்கவஸ்திரத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சல் இருந்ததா மாமி?" என்று நான் கேட்டேன். கேட்க வேண்டியது என் வேலை. அங்கவஸ்திரத்தை இன்னொரு மடிப்பு மடித்தார். "ஆத்துக்குள்ள ஒருத்தரையும் விடலையேம்மா, இங்க மட்டும்தானே வந்துண்டிருந்தோம்."

விசாரணை

யாரிடமிருந்து வந்தது என்று நிரூபிக்க வழியில்லை. இருமியவர்கள் பலர். ஆனால் விசாரணைக்கு அழைக்கப்பட்டவர் மல்லிகா அக்கா மட்டும். விசாரித்த மூன்று பேரில் பெரிய டாக்டரும் ஒருவர். தொண்டை கரகரப்பு இன்னும் போகாமல் அவர்தான் கேட்டார், காய்ச்சலோடு ஏன் டியூட்டிக்கு வந்தாய் என்று. அக்கா லீவு கேட்டதையும் மேடம் மறுத்ததையும் நான் சொன்னேன். "உங்களைக் கேட்கலை சிஸ்டர்" என்றார்கள். மல்லிகா அக்கா எழுந்து நின்றார்: "வரலன்னா ஆப்சென்ட் போடுறீங்க, வந்தா கொலகாரின்னு சொல்றீங்க, நான் எதைத்தான் செய்யணும், நீங்களே சொல்லுங்க சார்."

தானாக நீண்ட கை

நோயாளிகளைத் தொட வேண்டாம் என்று அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். மருந்துப் பெட்டிகளை எண்ணி அடுக்குகிற வேலை. சில நாள் கழித்து என் அறைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, சேலையைத் தோளிலிருந்து ஒதுக்கினார். "கிடங்குல, நோயாளியத் தொடாதப்ப உங்களுக்குக் கட்டாயம் இல்லக்கா" என்றேன். "போடு" என்றார்.

போட்டேன். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. "அந்த ஐயா என் கைதான் வேணும்பாரு, நான் குத்தினா வலிக்கலம்பாரு. என்னாலதான் போனாருன்னும் தெரியல, இல்லன்னும் தெரியல."

இந்த வருஷமும் உத்தரவு வந்துவிட்டது: ஊசி கட்டாயம், லீவு மட்டும் பரிசீலனையில்.