கொதிக்காமல் நின்ற வளைவு

ரேடியேட்டர் கடைக்குக் குளிர்ந்த முகத்தோடு யாரும் வந்ததில்லை. முதலில் வண்டி கொதிக்கும், பிறகு ஓட்டியவர் கொதிப்பார், கடைசியில் இரண்டும் கள்ளக்குறிச்சியில் என் கடை வாசலில் வந்து நிற்கும். பழைய கார் வைத்திருக்கும் பாவப்பட்ட ஜனங்களே, உங்களுக்குத் தெரியாததா?

டிக்கி நிறையத் தண்ணீர்

எலவனாசூர்கோட்டை அண்ணாமலை அண்ணனிடம் அவர் அப்பா வாங்கிய அம்பாசடர் இருக்கிறது. மகளைக் கட்டிக்கொடுத்திருப்பதோ கல்வராயன் மலைமேல், வெள்ளிமலையில். ஏறும்போதெல்லாம் ஒரே வளைவில் வண்டி புகையும். ஆறும்வரை காத்திருந்து, அவர் மனைவி செல்வி அண்ணி கேனைத் தூக்கிவந்து ஊற்றுவார். தீபாவளி வரிசையையே இருட்டிய பிறகுதான் கொண்டு சேர்த்தார்களாம்.

இப்போது மகளுக்கு வளைகாப்பு, நல்ல நேரம் காலையிலேயே. வாடகைக் கார் பிடிப்பது அண்ணனுக்கு மானப் பிரச்சினை. அண்ணி என்னிடமே நியாயம் கேட்டார்: “டிக்கில சீர்த்தட்டு வெக்கறதா, தண்ணி கேன் வெக்கறதா? நீயே சொல்லுப்பா.”

வெளிக்காயம் கூடாது

பழைய ரேடியேட்டரில் பாதிக் குழாய் உப்படைத்துக் கிடந்தது. கனமான புது ரேடியேட்டரும் கரன்ட் விசிறியும் போடலாம், முன்தகட்டைக் கொஞ்சம் வெட்ட வேண்டும் என்றேன். அண்ணன் பானெட்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. “எங்கப்பா வண்டி மூஞ்சில கீறல் வுழக்கூடாது மேஸ்திரி. ஆபரேசன் இன்னாவோ உள்ளயே நடக்கட்டும்.”

வருதா, போவுதா?

உள்ளேயே இடம் பண்ணி மாட்டியாயிற்று. விசிறிக்கு ஒயர் கொடுத்தவர் பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன் பாபு. கச்சிராயபாளையம் வரை ஓட்டிப் பார்த்தால், முன்னைவிட ஜாஸ்தியாகக் கொதிக்கிறது! வளைகாப்பு மறுநாள்.

விசிறியைப் போட்டுவிட்டு வண்டியின் முன்னால் துண்டைப் பிடித்தேன். உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டிய துண்டு பறந்துபோய் அண்ணன் முகத்தில் விழுந்தது. ஒயரை மாற்றிக் கொடுத்திருந்ததால் விசிறி தலைகீழாகச் சுற்றி, வருகிற காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பாபு அசரவே இல்லை. “காத்து ஓணும்னு சொன்னீங்க. வரணுமா போவணுமான்னு சொல்லவே இல்லியே!”

அதே வளைவு

ஒயரை மாற்றியதும் துண்டு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. காலையில் என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில் மடியில் வளையல் பெட்டியோடு அண்ணி, காலடியில் ஒரே ஒரு கேன். மலை ஏற ஏற மூன்று பேரும் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது நகரவே இல்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த வளைவு வந்ததும் அண்ணனின் கால் பழக்கத்தில் பிரேக்கை மிதித்துவிட்டது. அண்ணியும் பழக்கத்தில் கேனோடு இறங்கிவிட்டார். புகை இல்லை. நல்ல நேரத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. கேனைக் கீழே வைத்துவிட்டு, கீழே பச்சையாகக் கிடந்த ஊர்களைப் பார்த்தபடி அப்படியே நின்றார். “ஏங்க, இத்தினி வருசமா இங்கதான நின்னுக்கினு இருந்தோம்? இவ்ளோ அழகா இருக்குதுன்னு ஒரு நாளாச்சும் சொன்னீங்களா?”

நான் அவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த அந்த வண்டி, இன்றுவரை அந்த வளைவில் நிற்காமல் மலை ஏறியதில்லை.