மாமல்லபுரத்துக் கல்யானை
ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்பு தெறித்து என் கணவருக்குப் பார்வை போய்விட்டது. மாமல்லபுரம் பார்க்கும் ஆசை மட்டும் போகவில்லை. ரயிலும் மாட்டுவண்டியுமாக அழைத்துப் போனேன்.

ஐந்து ரதங்களுக்கு நடுவே நின்று, "இன்னா தெரியுது? சொல்லேன்" என்று நச்சரித்தார்.

"பெரிய கல்யானை ஒண்ணுங்க."

"எம்மாம் பெருசு?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தவித்துப்போனேன்.

அவ்வழியே வந்த மீன்காரி ஒருத்தி கூடையை இறக்கிவைத்தாள். "கையக் குடுண்ணே" என்று அவர் கையைப் பிடித்து, யானையின் தும்பிக்கையில் வைத்தாள். அதன் வயிறு, கால், வால் என்று தடவியபடியே அவர் சுற்றி வந்தார். பிறகு அவளே எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், அவரை அலையில் நிறுத்தினாள். காலடி மணல் நழுவியதும் வாய்விட்டுச் சிரித்தார். கண் போன பிறகு அன்றுதான் அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

திரும்பும்போது யானையையும் அலையையும் அவர்தான் எனக்கு விவரித்தார். அவருக்காக நான் பார்த்தாக வேண்டும் என்ற பதற்றம் அடங்கி, வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.