கைடு போடாத கையெழுத்து

மீனவக் கிராமமான தோணிரேவிலிருந்து முதல் பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி, சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆறு வருஷமாகப் போய்வந்தாள் எப்சிபா. வேதியியலில் பிஎச்.டி. தீசிஸ் எழுதி முடித்து ஒன்றரை வருஷமாகியும் அவளுடைய கைடு கோபால் கையெழுத்துப் போடவில்லை. "நீ போயிட்டா பசங்க லேபை யாரும்மா பார்ப்பாங்க?" என்று சிரிப்பார். முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு லேப் எடுப்பது, மத்தியானம் உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவள்தான்.

ஏப்ரலில் ஒரு நாள் காலை, ஒரு மாணவன் காஸ்டிக் சோடா ஊற்றிச் சூடுபடுத்திய சோதனைக் குழாய் பொங்கி, பக்கத்தில் நின்ற இன்னொரு மாணவன் கவியரசனின் கண்ணில் தெறித்தது. பாதுகாப்புக் கண்ணாடி கேட்டு அவள் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள், வரவேயில்லை. அன்றைக்குக் கழுவுதொட்டிக் குழாயிலும் தண்ணீர் இல்லை. வராந்தாவிலிருந்த குடிதண்ணீர்க் கேனைத் தூக்கிவந்து, அவன் தலையை மடியில் வைத்து ஊற்றினாள்.

"கண்ண மூடாத, தொற, தொற!"

ஆம்புலன்ஸ் வரும்வரை ஊற்றிக்கொண்டேயிருந்தாள்.

மறுநாள் கோபால் வெள்ளைத்தாளை நீட்டினார். "நடந்தது 'என் கவனக்குறைவு'ன்னு நீ எழுதிக் குடு. இந்த வாரமே தீசிஸ்ல கையெழுத்துப் போட்டுடறேன்."

அன்று மாலை வீட்டில், வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அப்பா சாலமன் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, மூஞ்சி இப்டி கீது?"

சொன்னாள்.

"நீ இன்னா தப்பு பண்ண?"

"ஒண்ணும் பண்ணல நைனா. ஆனா எழுதலைன்னா ஆறு வருஷமும் வீணு."

வலை அவர் கையில் அப்படியே கிடந்தது.

மறுநாள் எழுத உட்கார்ந்தாள். 'என் கவன' வரைக்கும் வந்தது. அதற்குமேல் பேனா நகரவில்லை. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கண்ணாடி கேட்டு எழுதிய மூன்று கடிதங்களின் நகலைக் கோபாலின் மேசையில் வைத்தாள். அவர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை லேப் அட்டவணையில் அவள் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. விசாரணை முடியும்வரை உள்ளே வரக்கூடாதாம். ரயில்வே ஸ்டேஷன் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு, வாயைப் பொத்தி அழுதாள்.

கவியரசனுக்குப் பார்வை பாதிதான் திரும்பியது. "தப்பு உங்க மேல இல்லைன்னு நானும் எழுதிக் குடுத்துட்டேன்க்கா" என்று போனில் சொன்னான். அவன் கடிதத்துக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வரவில்லை.

டிசம்பரோடு அவளுடைய ஆராய்ச்சிப் பதிவு காலாவதியாகிறது; அதற்குள் தீசிஸைக் கொடுத்தாக வேண்டும். இப்போது நவம்பர். விசாரணை முடிவு கேட்டு இன்றும் பல்கலைக்கழக அலுவலக பெஞ்சில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஃபைல் மேல போயிருக்கும்மா" என்றார் கிளார்க். "அடுத்த வாரம் வா."